யாரும் பார்க்காத மாதத்துப் பிறை

ஜன்னலின் மூன்றாவது கம்பிக்கும் நாலாவது கம்பிக்கும் நடுவில்தான் வரும், வருவதாக இருந்தால். சூரியன் இப்போது அந்த இடத்துக்கு நேரே, கொல்லைத் தென்னையின் மட்டைக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டிருக்கிறது. அஸர் தொழுத பாயை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிட்டேன். பல்கீஸ் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். என் புருஷனின் தங்கை; அவர் மௌத்தாகிப் போன அன்று வந்தவள், நான் இத்தா இருந்து முடிக்கும்வரை துணைக்கென்று தங்கிவிட்டாள். இன்னும் நேரம் கிடக்கிறதே, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டாள். அவசரம் எனக்கா? அவசரம் என் மகன் ஜகபருக்கு. சென்னையில் இருந்துகொண்டு காலையிலிருந்து மூன்று தரம் போன் பண்ணிவிட்டான். அவன் போனில் ஏதோ படம் இருக்கிறதாம், அதில் இன்றைக்குப் பிறை தெரியும் என்று போட்டிருக்கிறதாம். தெரிந்தால் என் இத்தா இன்றைக்கு முடிந்தது, நாளைக் காலையில் வண்டி வரும், வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் அவனோடு போக வேண்டும். தெரியாவிட்டால் மாதத்துக்கு முப்பது நாள், எனக்கு இன்னும் ஒரு நாள். புருஷன் செத்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவர் போனது ஒரு மாதத்தின் கடைசிப் பத்தில். அந்தப் பத்து முதலில் கழிந்தது, பிறகு ஒவ்வொரு மாதமாகக் கழிந்து, நாலாவது மாதம் இந்த ஜன்னலில் வந்து நிற்கிறது. நோன்புப் பிறை, பெருநாள் பிறை என்றால் ஊரே மொட்டைமாடியில் நிற்கும், பையன்கள் பட்டாசோடு திரிவார்கள். இது நோன்பும் இல்லாத, பெருநாளும் இல்லாத மாதம். இந்தப் பிறையை யார் பார்க்கப் போகிறார்கள்? பள்ளிவாசலிலிருந்து சேதி வந்தாலும் வரும், வராமலும் போகும், நீங்க கண்ணால பாத்தாலே போதும்னு ஹஜ்ரத் சொல்லிட்டாங்க மச்சி என்று பல்கீஸ் வந்து சொன்னாள். ஆக இந்த ஊரில் இந்த மாதத்துக்கு நான் ஒருத்திதான் சாட்சி. அறுபது வயதுக்குப் பக்கத்தில் வந்து இப்படி ஒரு பதவி கிடைத்திருக்கிறது.

தேத்தண்ணி ஆறிவிட்டது. ஏலம் தட்டிப் போட்டிருக்கிறாள், அவருக்குப் பிடித்த மாதிரி. இந்த வீட்டில் யாருக்குத் தேத்தண்ணி போட்டாலும் கை அவருக்குப் போடுகிற மாதிரிதான் போடுகிறது, எனக்கு ஏலம் ஆகாது என்று இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது எத்தனை. ஜகபர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, இத்தா முடிஞ்சதும் நம்ம வீட்டுக்குப் போயிரலாம்மா என்றபோதும் தலையை ஆட்டினேன். ஆட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மொட்டைமாடியில் அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் டார்ச் லைட், இன்னொரு கையில் சாத்துக்குடி. இந்தா பாரு, இது சூரியன், இது நிலா, ஒன் தலைதான் பூமி என்பார். என் தலையைப் பூமியாக வைத்துக்கொண்டு நான் அடுப்பில் பால் வைத்ததை நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது எதற்கு? சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு இருந்தது: பூமியின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக நிலாவை மூடுகிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதா, நானாகப் போட்டுக்கொண்டதா தெரியாது. அவர் தலையில் அடித்துக்கொள்வார். நிழல் விழுந்தா அது கிரகணம் புள்ள, மாசா மாசம் தேயிறது வேற. வெளங்குதா? வெளங்குது மச்சான். எங்கே, சொல்லு பாப்போம். பால் பொங்குது மச்சான் என்று இறங்கி ஓடிவிடுவேன். படியில் இறங்கும்போது பின்னால் அவர் சிரிப்பது கேட்கும். எனக்கு விளங்கவில்லை என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் அடுத்த பௌர்ணமிக்குச் சாத்துக்குடியோடு வந்து உட்காருவார். சலிக்கவே சலிக்காத மனுஷன். மலேசியாவில், ஈப்போவில் துணிக்கடை மாடியில் தனியாகப் படுத்துக் கிடந்தவருக்கு நிலாவைத் தவிர வேறு என்ன இருந்திருக்கும், அங்கேதான் அதையெல்லாம் படித்துக்கொண்டு வந்தார் என்று நினைத்துக்கொள்வேன். வேறு என்ன இருந்திருக்கும். அந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நின்றுவிடுகிறது. வேண்டாம், இப்போது வேண்டாம்.

மேகம் ஒன்று நீளமாகக் கிடக்கிறது, மேற்கே, வெள்ளாவித் துணி மாதிரி. அது அப்படியே கீழே இறங்கினால் பிறையை மறைத்துவிடும். மறைக்கட்டும். மறைக்கக் கூடாது. எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. சென்னையில் ஜகபர் வீடு ஒன்பதாவது மாடி; ஒரு தரம் போய் இருந்தேன். மருமகள் நல்ல பெண், மாமி மாமி என்று தட்டை என் கைக்கே கொண்டுவருவாள், சாப்பிட்டு முடித்ததும் அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போவாள். அந்தச் சாத்துகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர் கட்டடத்தின் ஜன்னல். நிலா எந்தப் பக்கம் வருகிறது என்றே அங்கே இருந்த நாளெல்லாம் எனக்குத் தெரியவில்லை, அப்போது நான் தேடவும் இல்லை. இங்கே இந்த அறையில் அடைத்துப் போட்ட பிறகுதான் தேட ஆரம்பித்தேன். இத்தாக்காரி வானத்தைப் பார்க்கக் கூடாது, நிலா அவள்மேல் படக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து ஓதிவிட்டுப் போனாள். ஹஜ்ரத்திடம் கேட்டனுப்பியதற்கு, அதெல்லாம் மார்க்கத்தில் இல்லை, தாராளமாகப் பார்க்கட்டும் என்றார். மாடிக்கு மட்டும் போக வேண்டாம், எதிர்வீட்டு ஆம்பளைகள் கண்ணில் பட வேண்டாம் என்று பல்கீஸ் மாடிக்கதவுக்குத் தாழ் போட்டுவிட்டாள். அவர் நாற்காலி மேலேயே கிடக்கிறது. மழை பெய்த அன்றெல்லாம் அது நனைகிறதே என்று கிடந்து தவித்தேன். பிளாஸ்டிக் நாற்காலி நனைந்தால் என்ன? ஒன்றும் இல்லை. தவித்தேன்.

ஒரு நாள் காலையில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, இதே ஜன்னலில் பாதி நிலாவைப் பார்த்தேன். பட்டப்பகல். பழஞ்சட்டி மாதிரி வெளுத்துப்போய் மேற்கே நிற்கிறது. சூரியனோ வீட்டுக்குப் பின்னால் கிழக்கே எரிந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே வானத்தில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்க, பூமியின் நிழல் எங்கே போய் அதைப் பாதியாக மூடும்? அன்றைக்கு முழுக்க அது தொண்டையில் முள்ளாக நின்றது. பல்கீஸிடம் கேட்டேன். அல்லாவோட குதுரத்து மச்சி, நமக்கு எதுக்கு என்றாள். குதுரத்துதான், அவன் வல்லமைதான், இல்லை என்று யார் சொன்னார்கள், அதை எப்படி வைத்திருக்கிறான் என்றுதானே கேட்கிறேன். அப்புறம் ஒரு சாயங்காலம், அறை நடுவில் முக்காலிமேல் வைத்திருக்கிற தண்ணீர்ப் பானையில் மொண்டு குடிக்கப் போனேன். ஜன்னல் வழியாக மேற்கு வெயில் நேராகப் பானைமேல் விழுந்திருந்தது. வெயில் பட்ட பக்கம் பளிச்சென்று சிவப்பு, படாத பக்கம் கருப்பு. சரியாகப் பாதி. ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன், பானை முழுசும் பளிச்சென்றிருந்தது. பக்கவாட்டில் வந்தேன், பாதி. உள்சுவர் ஓரமாகப் போய் நின்று ஜன்னலைப் பார்த்தேன், ஓரத்தில் ஒரு கீற்று, வளைந்து, நூல் மாதிரி. இன்னும் ஒரு எட்டு வைத்தேன், அதுவும் போய்விட்டது, கருப்புப் பானை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பானையை யாரும் தொடவில்லை. எந்நேரமும் அதற்குப் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அது மாறவே இல்லை. நான் நின்ற இடம்தான் மாறியது. அவர் சொன்ன கணக்கில் நகர்வது நிலா, இங்கே நகர்ந்தது நான், இருந்தாலும் ஒன்றுதானே. மறுபடி ஜன்னலுக்கும் பானைக்கும் சரியாக நடுவில் போய் நின்றேன், என் நிழல் பானைமேல் விழுந்து மூடிவிட்டது. ஆ, கிரகணம்! கொஞ்சம் விலகினேன், போய்விட்டது. மூட்டுவலிக்காரி பானையைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பல்கீஸ் பார்த்திருந்தால் தாயத்துக் கட்டியிருப்பாள். சிரித்துக்கொண்டே, மச்சான் இங்க வாங்களேன் என்று வாயெடுத்துவிட்டேன். வாய் பாதியில் நின்றுவிட்டது. வராந்தாவில் யாரும் இல்லை. அவர் மௌத்தான அன்றுகூட நான் அப்படி அழவில்லை. விளங்கிவிட்டது, ஆனால் விளங்கிவிட்டது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். ஜகபரிடம் சொன்னால், ஆமாம்மா, அஞ்சாம் கிளாஸ் பாடம் என்பான்.

வெயில் இறங்கிவிட்டது. பானைமேல் இப்போது மஞ்சளாகக் கொஞ்சம்தான். பானையின் இந்தப் பக்கத்தைப் பார்க்க நான் ஒரு எட்டு வைத்தால் போதும். ஈப்போவுக்கு எத்தனை எட்டு? கல்யாணமான நாற்பதாம் நாள் சபர் என்று கப்பல் ஏறிப் போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், மூன்று மாதம் இருப்பார், போய்விடுவார். அவருக்கு அங்கே பெருநாளாக இருக்கும், எனக்கு இங்கே கடைசி நோன்பாக இருக்கும்; அங்கே பிறையை ஒரு நாள் முந்தியே அறிவித்திருப்பார்கள். போனில் பெருநாள் வாழ்த்து சொல்வார், நான் பசியோடு நின்றுகொண்டு கேட்பேன். மறுநாள் எனக்குப் பெருநாள், அவர் கடை திறந்து வேலைக்குப் போயிருப்பார். முப்பது வருடத்தில் ஒரே நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் பெருநாள் வந்தது எத்தனை தரம் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. காத்திருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும் என்றுகூடச் சொல்லலாம். ஒருநாள் மாடியில் அவர் சொன்னார், நிலா நமக்கு எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் காட்டும், அந்தப் பக்கத்தை இங்கே இருந்து யாரும் பார்க்க முடியாது என்று. அந்தப் பக்கத்துல என்ன மச்சான் இருக்கு என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, இதே மாதிரி மண்ணுதான், வேற என்ன என்றார். அந்த உடனே சொல்லாத நேரம் இருக்கிறதே, அது இன்னும் என்னிடம் கிடக்கிறது. அங்கே யாராவது இருந்தாளா? யாராவது அவருக்கு ஏலம் தட்டித் தேத்தண்ணி போட்டாளா? அவர் போன சேதி அவளுக்குத் தெரியுமா, அவளும் எங்கேயாவது ஒரு ஜன்னலில் இத்தா இருக்கிறாளா? சீச்சீ. பைத்தியம் மாதிரி. அந்த மனுஷன் டார்ச்சை அணைத்தது பேட்டரிக்காக இருக்கும். கடைசி ஏழு வருடம் இங்கேயே, என் முகத்துக்கு முன்னாலேயே இருந்தார், சாத்துக்குடி உரித்து எனக்குச் சுளை கொடுத்தார். அது வெளிச்சப் பக்கம். அது எனக்குப் போதுமா என்று கேட்டால் போதும். போதாது. போதும்.

பாங்கு சொல்கிறார்கள். சூரியன் தென்னைக்குப் பின்னால் போய்விட்டது. மேகம் இன்னும் மேலேதான் கிடக்கிறது, கீழே வானம் துடைத்த மாதிரி. ஒன்றையும் காணோம், இன்னும் வெளிச்சம் அடங்கவில்லை. தொழுதுவிட்டு வந்து பார்க்கலாம். அதே பாயில் நின்றேன். அல்லாஹு அக்பர். அல்ஹம்து சூரா ஓதும்போது மனது ஜன்னலுக்குப் போய்விட்டது, இழுத்துக்கொண்டு வந்தேன். ருகூவில் குனியும்போது மூட்டு சொடுக்கியது. அவர் பேரைச் சொல்லி நான் செய்கிற கடைசிக் காரியம் இந்த இத்தா. இது முடிந்தால் நான் அவருக்கு என்ன? கப்பல் ஏறியவருக்காகக் காத்திருந்தேன், விமானம் ஏறியவருக்காகக் காத்திருந்தேன், செத்த பிறகும் நாலு மாதமும் பத்து நாளும் இரு என்று அல்லா எனக்கு அதையே கொடுத்தான், எனக்குத் தெரிந்த வேலையையே கொடுத்தான். பிறை வந்துவிட்டால் அதுவும் இல்லை. சுஜூதில் நெற்றி பாயில் இருக்கும்போது ஒன்று தோன்றியது: தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்? நான் ஒருத்திதானே சாட்சி. ஒரே ஒரு நாள். யாருக்கு நஷ்டம்? இரண்டாவது ரக்அத்தா மூன்றாவதா என்று தவறிவிட்டது. தெரிந்தவரைக்கும் தொழுது, சலாம் கொடுத்து, துஆவுக்குக் கை ஏந்தாமலே எழுந்துவிட்டேன்.

மூன்றாவது கம்பிக்கும் நாலாவது கம்பிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தேன். நாலாவது கம்பியை ஒட்டினாற்போல, மட்டைக்கு மேலே, இருந்தது. ஊசியில் கோக்க எச்சில் தொட்டுத் திரித்த நூல் முனை மாதிரி, வெளிச்சப் பக்கம் கீழே, சூரியன் போன பக்கம் பார்த்துக்கொண்டு. கண்ணை எடுத்தால் தொலைந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. நேற்றும் அது அங்கேதான் எங்கோ இருந்தது, நமக்கு இருட்டுப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு, வெளிச்சம் முழுவதையும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. இன்றைக்குத்தான் கொஞ்சம் நகர்ந்து வெளிச்சத்தின் ஓரத்தைக் காட்டியிருக்கிறது. பல்கீஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தாள். ஜகபர்தான் போனில் இருக்கிறான், பிறை தெரிகிறதா என்று கேட்கிறான் என்றாள். அவளே கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மச்சி. ஒங்களுக்குத் தெரியுதா?"

அவள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. போனில் ஜகபர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இல்லை என்று தலையை ஆட்டினால் போதும், ஆட்டிப் பழகிய தலைதான். நான் மறுபடி அதைப் பார்த்தேன். நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கப்போகிறது. அவர் போனதும் அப்படித்தான். என் தலையாட்டலில் ஒன்றும் நிற்கவில்லை.

"தெரியுது," என்றேன்.

பல்கீஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனில் சொன்னாள். போனுக்குள் ஜகபர் குரல் சுறுசுறுப்பாயிற்று. காலையில் வண்டி வந்துவிடும், துணிமணியை இப்போதே எடுத்து வைத்துவிடட்டும், மாமி நீங்களும் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்கிறான். நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அறையைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, மாடிக்கதவின் தாழை நீக்கினேன். துருப் பிடித்து இறுகியிருந்தது, இரண்டு கையாலும் இழுத்தேன். எங்க மச்சி போறீங்க என்று பல்கீஸ் பின்னால் ஓடிவந்தாள். மாடிக்கு என்றேன். அப்ப வண்டிக்கு நான் என்னத்தைச் சொல்ல என்றாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"காத்திருக்கச் சொல்லு."

"எத்தினி நாளைக்கு?"

"நான் சொல்ற வரைக்கும்."

எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் எனக்காக யாரையும் நான் காத்திருக்கச் சொன்னதில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து, படிக்கு ஒருதரம் நின்று, ஏறினேன். மேலே காற்று இருந்தது. சிவப்பு நாற்காலி கைப்பிடிச் சுவர் ஓரமாக, அவர் விட்ட இடத்திலேயே, மேற்கைப் பார்த்தபடி கிடந்தது. வெயில் தின்று நிறம் வெளுத்திருந்தது, உட்காரும் இடத்தில் சருகும் கொஞ்சம் தண்ணீரும். முந்தானையால் துடைத்தேன். அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் பக்கத்தில் நின்றுகொண்டு இருப்பேன், இறங்கி ஓடுவதற்குத் தோதாக. உட்கார்ந்தேன். கம்பிகள் இல்லாமல் பிறை நன்றாகத் தெரிந்தது, தென்னைமட்டையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. கீழே பல்கீஸ் யாருக்கோ, அதான் எனக்கும் வெளங்கல என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெளங்கிருச்சு மச்சான்," என்றேன்.

எங்கே, சொல்லு பாப்போம் என்று கேட்க வேண்டிய இடம் இது. கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு அடுப்பில் பாலும் இல்லை. பிறை மட்டைக்குப் பின்னால் போய்விட்டது, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"நடுவீட்டுல ஒரு பானை இருக்கு மச்சான்..."